நடக்க முடியாத ஊர்கள்: அமெரிக்கப் புறநகரும் அதை மாற்றும் முயற்சிகளும்

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 48 சதவீதம் பேர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். நாற்பது ஆண்டு கழித்து, 2009-இல், அது 13 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. இந்த நாற்பது ஆண்டுகளில் ஊரின் அமைப்பே மாறியிருந்தது. பள்ளி ஓர் ஓரத்துக்குப் போயிற்று, வீடுகள் இன்னோர் ஓரத்துக்குப் போயின, இரண்டுக்கும் நடுவே ஆறு தடச் சாலை வந்தது. பெற்றோர் காரில் கொண்டுபோய் விட்டால்தான் பள்ளி என்றானது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது. அமெரிக்கர்களுக்குத் தனி வீடு பிடிக்கும், கார் பிடிக்கும், கையில் பணமும் சுற்றிலும் நிலமும் இருந்தன, ஆகவே புறநகர் வளர்ந்தது என்பார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதி சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. எங்கே எதைக் கட்டலாம், எவ்வளவு பெரிய மனையில் கட்டலாம், வாசலில் எத்தனை கார் நிறுத்த இடம் விடவேண்டும், யாருக்கு வீட்டுக் கடன் கிடைக்கும் என்று நூறாண்டாக எழுதிச் சேர்த்த சட்டங்கள்தான் இந்த ஊர்களைக் கட்டின. சட்டத்தை மாற்றினால் ஊரையும் மாற்றலாம் என்பதற்கு இப்போது ஓரளவு சான்றுகள் கிடைத்திருக்கின்றன. ஏராளமான தமிழர்கள் கடன் வாங்கி வீடு கட்டிக் குடியேறியிருப்பதும் இந்தப் புறநகர்களில்தான் என்பதால், இது நமக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்ட விவகாரம்.

புறநகர் என்றாலே கார் என்ற நிலை தொடக்கத்தில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாஸ்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் முதலிய நகரங்களில் டிராம் தடத்தை ஒட்டியே புறநகர்கள் எழுந்தன. டிராம் நிற்கும் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தால்தான் மனை விலைபோகும். அதனால் மனைகள் சிறியவையாக இருந்தன. தெருக்கள் ஒன்றோடொன்று இணைந்தன. நிறுத்தத்தருகே மளிகைக் கடையும் மருந்துக் கடையும் வந்தன. அந்தப் பழைய புறநகர்களில் எஞ்சியிருப்பவற்றில் பல இன்று அந்நகரங்களில் மிக அதிக விலைக்குப் போகும் பகுதிகளில் அடங்குகின்றன.

திருப்பம் 1926-இல் வந்தது. ஒஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர், நிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, இங்கே வீடு மட்டும், அங்கே கடை மட்டும் என்று வகுத்தது. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனி வீடுகளுக்கு நடுவே எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணியாகவே அந்தத் தீர்ப்பு பார்த்தது. ஆலைப் புகையிலிருந்து வீடுகளைக் காப்பது நியாயமான நோக்கம். ஆனால் தெருமுனைக் கடையையும் நாலு குடித்தன வீட்டையும் ஆலையோடு சேர்த்து விலக்கிவைத்தபோது நோக்கம் திசைமாறியது. 2019-இல் நியூயார்க் டைம்ஸ் தொகுத்த கணக்கின்படி, லாஸ் ஏஞ்சல்ஸில் குடியிருப்பு நிலத்தில் 75 சதவீதத்திலும், சார்லட்டில் 84 சதவீதத்திலும், நம்மவர்கள் நிறைந்த சான் ஹொசேயில் 94 சதவீதத்திலும் தனி வீட்டைத் தவிர வேறெதுவும் கட்டக்கூடாது என்று விதி இருந்தது. இரண்டு தளத்தில் இரண்டு குடும்பம் வாழ ஒரு வீடு கட்டுவதும் அங்கே அப்போது சட்டமீறலாக இருந்தது.

1934-இல் அமைந்த மத்திய வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி தந்தது. புதிய வீடு, தனி வீடு, வெள்ளையர் மட்டும் வாழும் பகுதி என்றால் காப்புறுதி எளிதில் கிடைத்தது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள் ஆபத்தானவை என்று வரைபடத்தில் சிவப்பு அடிக்கப்பட்டன. முட்டுச்சந்துகளும் வளைந்த தெருக்களும் கொண்ட வடிவமைப்பையே அந்த நிர்வாகம் தன் வழிகாட்டி ஏடுகளில் பரிந்துரைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, திரும்பிவந்த போர்வீரர்களுக்கான கடன் திட்டமும் சேர்ந்துகொண்டது. 1947-இல் நியூயார்க்குக்குக் கிழக்கே உருளைக்கிழங்கு வயல்களில் வில்லியம் லெவிட் தொடங்கிய லெவிட்டவுன் இந்த ஏற்பாடுகள் எல்லாம் சேர்ந்த விளைவு. நான்கு ஆண்டில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள், வேகம் உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளைக்கு 30 வீடுகள் வரை. வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. புறநகரின் அமைதியைப் பற்றிப் பேசும்போது, அந்த அமைதிக்குள் யாரை அனுமதித்தார்கள், யாரைத் தடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

1956-இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் சாலைக்குத் திட்டமிட்டது. செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. இவ்வளவு பணம் வேறெந்தப் போக்குவரத்துக்கும் கிடைக்கவில்லை. புறநகர்வாசி நகருக்குள் வேகமாக வந்துபோக வசதியாக, மியாமியின் ஓவர்டவுன், செயின்ட் பாலின் ரோண்டோ போன்ற கறுப்பின மக்களின் பேட்டைகள் நடுவே பிளக்கப்பட்டன. அதே 1956-இல் மினியாபொலிஸ் அருகே எடைனாவில் சவுத்டேல் மால் திறந்தது. கூரையிட்ட, குளிரூட்டிய மால்களுக்கெல்லாம் முன்னோடி அது. அதை வடிவமைத்த விக்டர் குரூன் வியன்னாக்காரர். சொந்த ஊரின் சதுக்கங்களை மனத்தில் வைத்து, மாலைச் சுற்றி வீடுகள், பள்ளி, பூங்கா எல்லாம் வரும் என்று திட்டம் தந்தார். வந்தது மாலும் அதைச் சுற்றிய பார்க்கிங்கும்தான். பிற்காலத்தில் அவர் அந்தப் படைப்புகளைத் தன்னுடையவை அல்ல என்று உதறினார்.

இத்தனை விதிகளிலும் ஊரின் உருவத்தை அதிகம் கெடுத்தது எது என்று கேட்டால், பார்க்கிங் விதி என்பேன். 1923-இல் ஒஹாயோவின் கொலம்பஸ் நகரம் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்று விதித்தது. போருக்குப் பிறகு அந்த விதி நாடெங்கும் பரவியது. கணக்கைப் பார்ப்போம். அலுவலகம் என்றால் 1,000 சதுர அடிக்கு 4 இடம் என்பது பல ஊர்களில் உள்ள விதி. ஒரு கார் நிற்கவும், அது உள்ளே வந்து திரும்பவும் 300 சதுர அடிக்குக் குறையாமல் தேவை. ஆக 1,000 சதுர அடிக் கட்டடத்துக்கு 1,200 சதுர அடித் தார்த்தரை. உணவகம் என்றால் 1,000 சதுர அடிக்கு 10 இடம் கேட்கும் ஊர்களும் உண்டு. அங்கே சாப்பிடும் இடத்தைப் போல மூன்று மடங்கு கார் நிறுத்தும் இடம். ஒவ்வொரு கடையும் இப்படி விலகி நின்றால் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு நடப்பதே வெயிலில் ஒரு பயணமாகிவிடுகிறது. நடக்க முடியாததால் எல்லோரும் காரில் வருகிறார்கள். காரில் வருகிறார்கள் என்பதைக் காட்டி அடுத்த கட்டடத்துக்கும் அதே விதி பொருத்தப்படுகிறது.

நம்மவர்கள் கோயில் கட்டும்போதும் இதுதான் நடக்கிறது. நிலம் வாங்கியதும் ஊரின் திட்டக் குழு முன்னால் முதலில் எழும் கேள்விகளில் ஒன்று, திருவிழாவுக்கு எத்தனை கார் வரும் என்பது. கோயிலைச் சுற்றி மாட வீதி இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைக் கோடு போட்ட தார்த்தரை கிடக்கிறது. வீதி இல்லாததால் பூக்கடை இல்லை, தேங்காய்க் கடை இல்லை, கும்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச ஆளும் இல்லை. தரிசனம் முடிந்ததும் கார்க் கதவு சாத்தும் சத்தம்தான்.

விதிகளே ஊரைக் கட்டின என்ற வாதத்துக்கு ஹூஸ்டன் நகரம் நல்ல சோதனை. அமெரிக்கப் பெருநகரங்களில் நில மண்டல விதி இல்லாத ஒரே நகரம் அது. மண்டலப் பிரிவுதான் முழுக் காரணம் என்றால் ஹூஸ்டன் நடக்கத் தக்க ஊராக இருந்திருக்கவேண்டும். இல்லை. காரணம், மண்டல விதி இல்லாவிட்டாலும் கட்டாயப் பார்க்கிங், குறைந்தபட்ச மனையளவு, அகன்ற சாலை ஆகிய விதிகள் அங்கேயும் இருந்தன. மனையளவு விதியை 1998-இல் நகரின் உட்பகுதியில் தளர்த்தியதும் ஆயிரக்கணக்கான டவுன்ஹவுஸ்கள் எழுந்தன. எந்த விதி எந்த விளைவைத் தருகிறது என்பது இப்படி ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது. கலிபோர்னியப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005-இல் எழுதிய பெரிய நூல் இதைத்தான் விரித்துரைத்தது. பார்க்கிங் இலவசம் என்று எழுதி வைத்தாலும் அதன் செலவு வாடகையிலும் விலைவாசியிலும் கலந்து, கார் இல்லாதவர் தலையிலும் விடிகிறது என்பது அவர் வாதம்.

இந்த ஏற்பாட்டின் சுமையை யார் தாங்குகிறார்கள் என்று பார்க்க, டெக்சாஸின் ஃபிரிஸ்கோ, வட கரோலினாவின் கேரி போன்ற ஊர்களில் பிள்ளைகளைப் பார்க்க விசாவில் ஆறு மாதம் தங்க வந்திருக்கும் பெற்றோரின் ஒரு நாளைப் பார்த்தால் போதும். காலை எட்டரைக்கு மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். மாடி ஜன்னலில் நின்றால் பின்வேலிக்கு அப்பால் பலசரக்குக் கடையின் கூரை தெரிகிறது. நேர்கோட்டில் முந்நூறு மீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் வேலியைத் தாண்ட வழியில்லை. குடியிருப்புக்கு ஒரே வாசல், அது எதிர்த் திசையில். வளைந்து வளைந்து அதை அடைந்து, பெருஞ்சாலையோரம் நடந்தால் நடைபாதை பாதியில் நின்றுபோகிறது. அப்புறம் புல்மேடு. நிழல் தரும் மரம் ஒன்றுகூட இல்லை. கடைக்கு எதிரே ஆறு தடம், வலப்பக்கம் திரும்பும் கார்கள் சிக்னல் சிவப்பிலும் வந்துகொண்டே இருக்கின்றன. நடக்கச் சொல்லும் சிக்னல் தோன்றி மறைவதற்குள் அறுபத்தெட்டு வயதுக் கால்களால் கடக்க முடிவதில்லை. கும்பகோணத்தில் கறிகாய் மார்க்கெட், வங்கி, கோயில், தங்கை வீடு என்று தனியாகவே சுற்றிவந்தவர் இங்கே ஒரு கட்டுக் கொத்தமல்லிக்கு மகனின் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறார். வயதானால் வரும் தளர்ச்சி என்று வீட்டார் நினைக்கிறார்கள். ஊரின் அமைப்பு அவர் காலைக் கட்டிப்போட்டது என்றே நான் சொல்வேன்.

விசாவில் வந்தவர்களோடு இது முடிவதில்லை. 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்க ஆண்கள் கார் ஓட்டுவதை நிறுத்திய பிறகு சராசரியாக ஏழு ஆண்டும், பெண்கள் பத்து ஆண்டும் வாழ்கிறார்கள் என்று கணித்தது. அத்தனை ஆண்டும் யாராவது அழைத்துப் போனால்தான் வெளியே. இன்று ஃபிரிஸ்கோவில் நாற்பது வயதில் வீடு வாங்குகிற தமிழரும் அந்தப் பத்தாண்டை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறார். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும், கார் இல்லாத சுமார் எட்டு சதவீதக் குடும்பங்களுக்கும் நிலைமை இதேதான்.

உயிரிழப்புகளைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2009-இல் அமெரிக்கச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 4,100 பேர் அளவில். 2022-இல் 7,500-க்கும் மேல். பெரும்பாலானோர் இறந்தது, இருபுறமும் கடைகளும் பஸ் நிறுத்தமும் இருந்தும் நெடுஞ்சாலை வேகத்துக்கென்று அமைத்த அகன்ற சாலைகளில். கார்கள் வரவர உயரமும் எடையும் கூடியது இன்னொரு காரணம். பஸ்ஸை விட்டு இறங்கியவர் எதிரே தெரியும் தன் வீட்டுக்குப் போக, அரை கிலோமீட்டர் தள்ளியுள்ள சிக்னலுக்கு நடந்து மறுபடி அரை கிலோமீட்டர் திரும்பி நடப்பார் என்று எதிர்பார்க்கும் சாலை அது. அப்படி நடக்காமல் குறுக்கே போய் அடிபட்டால் தவறு அவர்மேல் எழுதப்படுகிறது.

பணக் கணக்கும் சாதகமாக இல்லை. 2023-இல் புதிய கார் ஒன்றை வைத்திருக்க ஆண்டுக்கு 12,000 டாலருக்கு மேல் ஆனது என்பது அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கத்தின் கணக்கு. இரண்டு பேர் வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டு கார். ஊராட்சியின் கணக்கு இன்னும் கவலைக்குரியது. மினசோட்டா மாநிலத்துப் பொறியாளர் சார்லஸ் மரோன், தன் சொந்த ஊரான பிரெய்னர்டில் ஒரே அளவுள்ள இரண்டு துண்டு நிலத்தை ஒப்பிட்டார். ஒன்றில் 1920-களைச் சேர்ந்த பழைய, மங்கிப்போன சிறு கடைகளின் வரிசை. மற்றொன்றில் அப்படிப்பட்ட கடைகளை இடித்துவிட்டு, காரிலேயே வந்து வாங்கிப்போகும் புதிய உணவகம், சுற்றிலும் பார்க்கிங். வரிவிதிப்புக்கான மதிப்பு பழைய வரிசைக்கு 11 லட்சம் டாலர், புதியதற்கு 6 லட்சத்துச் சொச்சம். இரண்டுக்கும் சாலை, குழாய், சாக்கடை ஒரே நீளம். அதாவது ஊர் அழகுபடுத்துகிறோம் என்று நினைத்துத் தன் வருமானத்தைத் தானே இடித்தது. பரந்து கிடக்கும் புறநகரின் சாலைகளையும் குழாய்களையும் முப்பது, நாற்பது ஆண்டு கழித்துப் புதுப்பிக்கும் வேளையில் அங்கிருந்து வரும் வரி போதுவதில்லை என்பது மரோன் திரும்பத் திரும்பச் சொல்வது. இந்த வாதம் பழமைவாதிகளையும் ஈர்த்திருக்கிறது. அவர் பேச்சைக் கேட்க இரு கட்சியினரும் வருகிறார்கள்.

நெரிசலுக்குச் சாலையை அகலப்படுத்துவதே மருந்து என்ற நம்பிக்கையும் பொய்த்தது. ஹூஸ்டனின் கேட்டி ஃப்ரீவே 280 கோடி டாலர் செலவில் விரிவாகி 2008-இல் முடிந்தபோது, பக்கச் சாலைகளையும் சேர்த்து அதன் சில பகுதிகள் 26 தடம் வரை அகன்றன. 2011-க்கும் 2014-க்கும் இடையில் உச்சநேரப் பயண நேரம் காலையில் 30 சதவீதமும் மாலையில் 55 சதவீதமும் கூடியது. சாலை விரிந்ததும் அதை நம்பி இன்னும் தொலைவில் வீடுகள் வந்தன, அந்த வீடுகளின் கார்கள் சாலையை நிறைத்தன. ஒரு நகரத்தில் சாலை நீளம் எவ்வளவு கூடுகிறதோ ஏறத்தாழ அவ்வளவே வண்டி ஓட்டமும் கூடுகிறது என்று டுராந்தோன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2011-இல் புள்ளிவிவரத்தோடு காட்டினார்கள்.

கணக்கில் அடங்காத இழப்பையும் ஒருவர் அளந்து பார்த்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை டொனால்ட் ஆப்பிள்யார்ட் ஆராய்ந்தார். நாளொன்றுக்கு 2,000 வண்டி போகும் தெருவில் குடியிருப்பவருக்கு அந்தத் தெருவிலேயே சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வண்டி போகும் தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை. வண்டி குறைந்த தெருவில் மக்கள் தங்கள் வாசலையும் எதிர் வாசலையும் சேர்த்தே வீடு என்று வரைந்து காட்டினார்கள். வண்டி மிகுந்த தெருவில் பின்கட்டுக்குள் ஒடுங்கினார்கள். இந்த ஆய்வை 1981-இல் நூலாக்கிய ஆப்பிள்யார்ட், மறு ஆண்டே ஏதென்ஸில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார்.

இவ்வளவு இருந்தும் மக்கள் ஏன் அங்கேயே வீடு வாங்குகிறார்கள்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2023-இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, கடையும் பள்ளியும் சில மைல் தள்ளியிருந்தாலும் பெரிய வீடே வேண்டும் என்றவர்கள் 57 சதவீதம். சிறிய வீடானாலும் எல்லாம் நடக்கும் தூரத்தில் வேண்டும் என்றவர்கள் 42 சதவீதம். பெரும்பான்மை புறநகரின் பக்கம்தான். பிள்ளைகள் விளையாட முற்றம், வாடகைக் கட்டடத்தின் சுவர்ச் சத்தம் இல்லாத தூக்கம், நல்ல பள்ளி, இவையெல்லாம் யாரும் ஏளனம் செய்யக்கூடிய ஆசைகள் அல்ல. அதிலும் பள்ளிதான் பெரிய காரணம். அமெரிக்காவில் பள்ளிக்கான நிதியில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. அதனால் உண்டாகும் ஏற்றத்தாழ்வு அரசமைப்புக்கு முரணல்ல என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விலை உயர்ந்த வீடுகள் மட்டுமே உள்ள ஊரில் நல்ல பள்ளி இருக்கும் என்பது இப்படித்தான் உறுதியாகிறது. தமிழ்ப் பெற்றோர் வீடு தேடும்போது முதலில் பார்ப்பது பள்ளியின் மதிப்பெண் தரவரிசையைத்தான். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆனால் அந்த 42 சதவீதம் பேருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் அநியாயம் தெரியும். மிகப் பெரிய 35 பெருநகர வட்டாரங்களில் நடந்து வாழத் தக்க இடங்கள் மொத்த நிலத்தில் 1.2 சதவீதம் மட்டுமே என்று 2023-இல் ஒரு கணக்கெடுப்பு காட்டியது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. பத்துப் பேரில் நான்கு பேர் கேட்பதை நூறு ஏக்கரில் ஓர் ஏக்கரில் அடைத்தால் விலை எகிறாமல் என்ன செய்யும்?

மாற்று முயற்சிகள் புதியவை அல்ல. 1929-இல் நியூ ஜெர்சியின் ராட்பர்னில் கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் இருவரும் வீடுகளைப் பூங்காவை நோக்கித் திருப்பி, சாலைக்கு அடியில் நடைபாதை அமைத்து ஓர் ஊர் கட்டினார்கள். பொருளாதார வீழ்ச்சியில் அது பாதியில் நின்றது. பின்னால் வந்த மனைப்பிரிவுக்காரர்கள் ராட்பர்னிலிருந்து முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பூங்காவையும் நடைபாதையையும் விட்டுவிட்டார்கள். 1961-இல் ஜேன் ஜேகப்ஸ் எழுதிய நூல் கடையும் வீடும் கலந்த பழைய தெருவின் மதிப்பை உலகுக்குச் சொன்னது. 1981-இல் ஃபுளோரிடாவில் ஆந்திரேஸ் துவானி, எலிசபெத் பிளேட்டர்-சைபெர்க் தம்பதி சீசைடு என்ற சிறு ஊரை வடிவமைத்தார்கள். குறுகிய தெரு, திண்ணை வைத்த வீடு, நடுவே கடைவீதி. கனடாவில் ஈழத்தமிழர்கள் பெருமளவில் வாழும் மார்க்கத்தின் கார்னெல் பகுதியும் இதே தம்பதியின் நிறுவனம் 1990-களில் வடிவமைத்ததுதான். அங்கே கராஜ் பின்சந்தில் இருக்கிறது, வாசல் தெருவைப் பார்க்கிறது.

இத்தகைய ஊர்களைக் கட்டிய ‘புதிய நகரமைப்பு’ இயக்கத்தின் சாதனையைக் குறைத்து மதிப்பிடமாட்டேன். இப்படியும் கட்டலாம் என்று கண்ணால் பார்க்கச் செய்தது அது. ஆனால் அழகிய தெரு மட்டும் போதாது. சீசைடில் இன்று வீட்டு விலை மில்லியன் டாலர்களில். கார்னெலில் மாலையில் திண்ணையில் உட்காரலாம், வேலைக்குப் போக மட்டும் பெரும்பாலோர் காரைத்தான் எடுக்கிறார்கள். சுற்றிலும் உள்ள ஊர் மாறாமல் நடுவில் ஒரு துண்டு மட்டும் மாறினால் பலன் அந்த எல்லையிலேயே நின்றுவிடும்.

முழுதாகப் பலித்த ஓர் எடுத்துக்காட்டு வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் உள்ள ஆர்லிங்டன். 1960-களில் அதுவும் கடைகள் சோர்ந்துபோன ஒரு சாதாரணப் புறநகர். மெட்ரோ ரயில் வரப்போகிறது என்றதும், செலவு குறைவு என்பதால் நெடுஞ்சாலையின் நடுவே தடம் போடலாம் என்றார்கள். ஆர்லிங்டன் மறுத்தது. பழைய கடைவீதியான வில்சன் பூல்வார்டின் அடியில் சுரங்கமாகப் போகவேண்டும் என்று கேட்டு, கூடுதல் செலவில் பங்கேற்றது. ராஸ்லின் முதல் பால்ஸ்டன் வரை ஐந்து நிலையங்கள் 1979-க்குள் திறந்தன. நிலையத்தின் தலைமேல் உயரமான கட்டடம், விலக விலக உயரம் குறைந்து, சில தெரு தள்ளினால் பழைய தனி வீடுகள் அப்படியே. யாருடைய முற்றத்தையும் பறிக்கவில்லை. அலுவலகமும் குடியிருப்பும் பல மடங்கு பெருகியும் அந்தச் சாலைகளில் வண்டிக் கூட்டம் பெரிதாகக் கூடவில்லை. அதே ரயில் அதற்கப்பால் நெடுஞ்சாலை நடுவே போன இடங்களில் நிலையத்தைச் சுற்றிப் பார்க்கிங் கட்டடங்கள்தான் நெடுங்காலம் நின்றன. ஒரே ரயில், ஒரே பயணிகள், முடிவெடுத்த விதம்தான் வேறு.

பக்கத்து மாவட்டத்து டைசன்ஸ் இதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டது. ஒரு லட்சம் பேர் வேலைக்கு வந்தார்கள், அப்போது இருபதாயிரம் பேர்கூட அங்கே குடியிருக்கவில்லை. 2010-இல் திட்டத்தை மாற்றி எழுதினார்கள், 2014-இல் நான்கு மெட்ரோ நிலையங்கள் திறந்தன. கோபுரங்கள் எழுந்தன. ஆனால் ரயில் தூண்களில் உயர்ந்து செல்லும் இடத்தின் கீழே எட்டுத் தடச் சாலை இன்னும் ஓடுகிறது. ஐம்பது ஆண்டு காருக்காகக் கட்டிய ஊரைத் திருத்த எவ்வளவு காலமாகும் என்பதற்கு டைசன்ஸ் நேர்மையான சாட்சி.

கடந்த பத்தாண்டில் வேகம் பிடித்திருப்பது விதித் திருத்தம். 2017-இல் பஃபலோ நகரம் கட்டாயப் பார்க்கிங்கை நீக்கியது. சான் ஹொசே 2022-இலும், ஆஸ்டின் 2023-இலும் நகரம் முழுக்க நீக்கின. ரயில், பஸ் தடத்தருகே கட்டாயப் பார்க்கிங் கேட்கக்கூடாது என்று கலிபோர்னியா 2022-இல் மாநிலச் சட்டமே இயற்றியது. தனி வீடு மட்டும் என்ற விதியை மினியாபொலிஸ் 2018-இல் கைவிட முடிவெடுத்தது. ஒரேகான் 2019-இலும் கலிபோர்னியா 2021-இலும் மாநில அளவில் தளர்த்தின. மினியாபொலிஸின் அனுபவம் கவனிக்கத்தக்கது. மூன்று குடித்தன வீடுகள் எதிர்பார்த்த அளவு கட்டப்படவில்லை. பஸ் தடங்களை ஒட்டி நடுத்தர உயர அடுக்குமாடிகளை அனுமதித்ததும் பார்க்கிங் விதியை நீக்கியதுமே அதிக வீடுகளைத் தந்தன. தலைப்புச் செய்தியான சீர்திருத்தத்தைவிடச் சத்தமில்லாத சீர்திருத்தம் அதிகம் சாதித்திருக்கிறது. அரிசோனாவின் டெம்பியில் 2023-இல் மக்கள் குடியேறத் தொடங்கிய கல்டிசாக், வாடகைதாரர் கார் நிறுத்த இடமே இல்லாமல் கட்டப்பட்ட குடியிருப்பு. வாசலில் ரயில், வாடகையோடு இலவசப் பயணச் சீட்டு. பாலைவன வெயிலில் குறுகிய சந்துகள் தரும் நிழலே அங்கே பெரிய வசதி.

இவற்றில் எதுவும் நல்ல பொதுப் போக்குவரத்து இல்லாமல் நிலைக்காது. டொராண்டோவின் ஸ்கார்பரோ இதற்குக் கசப்பான பாடம். 1983-க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்கள் குடியேறிய உயர்ந்த அடுக்குமாடிகள் அங்கே அகன்ற சாலைகளின் ஓரம் நிற்கின்றன. மக்கள் அடர்த்தி உண்டு, தமிழ்க் கடைகள் உண்டு, பஸ்ஸை நம்பி வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானோர் உண்டு. 1985 முதல் ஓடிய ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டு, பிறகு திறக்கவே இல்லை. அதற்குப் பதிலான சுரங்க ரயில் இன்னும் கட்டுமானத்தில் இருந்த நிலையில், அத்தனை பேரும் பஸ்ஸுக்கு மாறினார்கள். அடர்த்தியாக மக்களைக் குடியமர்த்திவிட்டுப் போக்குவரத்தைத் தள்ளிப்போட்டால் நடுத்தெருவில் நிற்பது ஏழைகள்தான்.

எதிர்ப்பும் வலுக்கிறது. 2023-இல் ஆர்லிங்டனே ஆறு குடித்தன வீடு வரை அனுமதித்தபோது வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு வட்டார நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. கால்மணி நேரத்தில் எல்லாம் கிடைக்கும் ஊர் என்று பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ முன்வைத்த எளிய எண்ணம்கூட, மக்களை அடைத்துவைக்கும் சதி என்று 2023-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டில் போராட்டமாக வெடித்தது. சதிக் கதையை ஒதுக்கிவிடலாம். வீட்டு விலை சரியுமோ, பள்ளி நிரம்புமோ, வாடகைக்காரர் வருவாரோ என்ற அச்சத்தை அப்படி ஒதுக்க முடியாது. ஊர்க்கூட்டத்தில் பேசுபவர்கள் இந்த அச்சம் உடையவர்களே. வீடு கிடைக்காத இளைஞரும், காரோட்ட முடியாத முதியவரும், இரவுப் பணி முடிந்து பஸ்ஸுக்கு நிற்பவரும் அங்கே வருவதில்லை.

இந்த இடத்தில்தான் அங்கே வாழும் தமிழர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. உங்கள் ஊரின் திட்டக் குழுக் கூட்டம் பெரும்பாலும் வாரநாள் மாலையில் நடக்கும். பெரும்பாலான ஊர்களில் அங்கே எழுந்து பேசக் குடியுரிமை தேவையில்லை, அந்த ஊரில் குடியிருந்தால் போதும். பஸ் தடத்தருகே அடுக்குமாடி வேண்டாம், தெருமுனையில் கடை வேண்டாம், இந்த வேலியில் ஒரு நடைவழி திறக்க வேண்டாம் என்று அண்டை வீட்டார் வரிசையாகச் சொல்லும்போது, வேண்டும் என்று சொல்ல ஒருவர் இருந்தால் தீர்மானம் மாறிய ஊர்கள் உண்டு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கடைக்கு நடந்து போகவேண்டியவர் அவர்தான்.